'பை' என்னும் ஈரெழுத்துச் சொல்

ஆங்கிலத்தில் இரண்டே எழுத்தால் அமைந்த சொற்கள் சில உள்ளன. உருவத்திற் சிறியன, உழைப்பிலோ பெரியன. அவற்றுள் ஒன்றாகிய 'பை' என்பதை இவ்வாரம் எடுத்துக்கொண்டோம். தமிழிலும் 'பை' என ஒரு சொல் உண்டு. நன்னூலார் எண்ணிக் காட்டும் 42 ஓரெழுத்தொருமொழிகளுள் அதுவும் ஒன்று. ஒலி ஒன்றாயிருப்பது தற்செயலே. ஆயினும் ஆங்கிலப் 'பை'யும் ஒரு பைதான் என்று சொல்லத் தோன்றுகிறது. கைவிட்டுத் துழாவுந்தோறும் அதனுள்ளிருந்து வெவ்வேறு பொருள்கள் வந்துகொண்டேயிருக்கின்றன.

'பை' என்றால் 'ஆல்' எனக் குறிப்பேட்டில் ஒரே வரியில் எழுதி மனப்பாடம் செய்யும் மாணவர் பலர். இது பாதி உண்மை. முழுப் பொய்யினும் பாதி உண்மையே பரீட்சையிற் புள்ளியைக் குறைப்பது. பரீட்சைக்கு வெளியே அதனினும் பெரிய நட்டத்தையும் விளைப்பது. எங்கே 'ஆல்' பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதைக் களுவாஞ்சிக்குடியை நடுவே வைத்துக்கொண்டு காண்போம். அந்த ஊரைத் தெரிந்தமைக்குக் காரணம் உண்டு. கிழக்கே கடல், மேற்கே மட்டக்களப்பு வாவி, இரண்டுக்கும் இடையே ஒடுங்கிய நிலம், அதனூடே கல்முனைக்கும் மட்டக்களப்புக்கும் ஓடும் பெருந்தெரு. இந்தப் பக்கம் எழுவான்கரை, வாவிக்கு அப்பால் படுவான்கரை. அக்கரை, இக்கரை, வழி, எல்லை, நேரம் என்பவற்றைப் பேசாமல் அங்கே ஒரு நாளும் கழியாது. 'பை' என்னும் சொல் செய்யும் வேலையும் இவைதாம்.

முதலில் இலக்கணத்தில் ஒரு சொல். தமிழில் வேற்றுமை உருபு பெயரின் பின்னால் ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலத்தில் அந்த வேலையைச் செய்யும் சொல் பெயருக்கு முன்னே தனித்து நிற்கும். 1856ஆம் ஆண்டில் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல், இவ்வினத்து மொழிகளைச் சமஸ்கிருதத்தினின்றும் பிரித்துக் காட்டும் வேறுபாடுகளுள் இதனையும் ஒன்றாக எடுத்துரைத்தார். முன்னே வருவது பின்னே போயிற்று என்பதோடு காரியம் முடிந்துவிட்டால் ஆங்கிலம் கற்பது எளிதாயிருக்கும். முடிவதில்லை. ஓர் உருபு ஒரு முன்னிடைச்சொல்லுக்குச் சரியாக நேர்நிற்பது அரிதினும் அரிது.

'பை' என்பதன் மிகப் பழைய பொருள் 'பக்கம்', 'அருகு' என்பதே. ஜெர்மானியர் இன்றும் இதே ஒலியுடைய சொல்லை 'அருகில்', 'இடத்தில்' என்னும் பொருளில் வழங்குகிறார்கள். ஆங்கிலத்தில் 'பிஃபோர்', 'பிஹைண்ட்', 'பிசைட்', 'பிட்வீன்' என வருஞ் சொற்களின் தலையில் நிற்கும் 'பி' என்பதும் இந்தப் 'பை'தான். காரணம் உரைக்கும் 'பிகோஸ்' என்னும் சொல்லும் 'பை கோஸ்' என்ற இரு சொற்கள் ஒட்டிப் பிறந்ததே. இத்தனை பிள்ளைகளைப் பெற்ற முதிய சொல் அது.

'எ ஹவுஸ் பை த லகூன்' என்றால் வாவிக்கரையோரத்து வீடு. அவ்வீட்டின் திண்ணையிலிருந்து நோக்கினால் நீர் தெரியும். 'நியர் த லகூன்' என்றாலோ அவ்வளவு உறுதியில்லை. கால் மைல் தள்ளியும் இருக்கலாம். நம்மவர் பேச்சில் இந்த நெருக்கத்தைக் காட்ட ஓர் அழகிய சொல் உண்டு: 'அடி'. சந்தையடி, கோயிலடி, சந்தியடி, பள்ளிக்கூடத்தடி என்கிறோம் அல்லவா? 'சந்தையடியில் நிற்கிறான்' என்பதை ஆங்கிலமாக்கப் 'பை' மிகப் பொருந்தும். அகராதியில் 'அருகில்' என்று கண்டு அமைதிகொள்ளும் மாணவர், தம் பாட்டியின் வாயில் இதனினும் நுட்பமான சொல் இருப்பதைக் கவனிப்பதில்லை.

இங்கே சிறிது வழிவிலகிச் செல்ல வாசகர் இசைவார்கள் என நம்புகிறோம். இங்கிலாந்தில் டார்பி, விற்பி, கிறிம்ஸ்பி என முடியும் ஊர்ப்பெயர்கள் பல. இவற்றின் இறுதியிலுள்ள 'பி' நாம் ஆராயும் சொல் அன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் வட கடலைக் கடந்து வந்து குடியேறிய தேனியர் கொண்டுவந்த சொல் அது, பொருள் 'குடியிருப்பு'. ஆகவே டார்பியின் 'பி'யும் களுவாஞ்சிக்குடியின் 'குடி'யும் ஒரே வேலையைச் செய்கின்றன. காத்தான்குடியையும் தமிழகத்துக் காரைக்குடியையும் இந்த வரிசையிற் சேர்த்துக்கொள்ளலாம். உள்ளூராட்சிச் சபைகள் இயற்றும் உபவிதியை ஆங்கிலத்தில் 'பைலோ' என்கிறார்களே, அதன் முற்பகுதியும் பெரும்பாலும் இந்தக் 'குடி'யிலிருந்தே வந்தது என்பர். ஊர்க்கட்டு என்று நம் முன்னோர் சொன்னதற்கு இதனினும் நெருங்கிய சொல்லைக் காண்டல் அரிது.

பக்கம் என்ற பொருளிலிருந்து வழி என்ற பொருள் கிளைத்தது. ஒன்றன் பக்கமாகப் போவது, அதன் வழியாகப் போவது ஆயிற்று. களுவாஞ்சிக்குடியிலிருந்து வெள்ளாவெளிக்குப் பட்டிருப்புப் பாலத்தின் வழியாகப் போகலாம். 'பை த பிரிட்ஜ்' என்பது அது. இங்கேதான் ஈழத்துப் பேச்சு வழக்கு நமக்குப் பெருந்துணை செய்கிறது. 'ஒழுங்கையால போ', 'பாலத்தால வந்தோம்', 'பின்பக்கத்தால ஏறு' என்கிறோம். தமிழக நண்பர் இதனைக் கேட்டால் சற்றுத் திகைப்பார். அவர் 'வழியாக' என்றோ 'பக்கமாக' என்றோ சொல்வார். பள்ளி இலக்கணம் மூன்றாம் வேற்றுமைக்குக் கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி என்னும் பொருள்களைக் கூறி நிறுத்திக்கொள்ள, நம் ஊர் வாய்மொழியில் 'ஆல்' உருபு தெருவிலும் ஒழுங்கையிலும் இறங்கி நடக்கிறது. ஆங்கிலப் 'பை'யும் அவ்வாறே நடக்கிறது. எனினும் எல்லாத் தெருவிலும் இரண்டும் கூடிப் போவதில்லை. 'அப்பா வேலையால வந்தார்' என்பதில் உள்ள 'ஆல்' நீங்கற்பொருளது. அதற்கு 'ஃபுரொம்' வேண்டும். 'பஸ்ஸால இறங்கினான்' என்பதும் அத்தகையதே.

வாவியைக் கடக்க உதவும் மிதவையையே இப்பகுதி மக்கள் 'பாதை' என்று பெயரிட்டு அழைக்கிறார்கள். குருமண்வெளித் துறையிலிருந்து மண்டூருக்குப் போவோர் 'பாதையில் போகிறோம்' என்றால், காலடியில் இருப்பது மண் அன்று, நீர்மேல் மிதக்கும் கலம். ஊர்தியும் வழியும் ஒரே பெயரிற் கலந்த இந்த வழக்கு எமக்கு மிகப் பிடித்தமானது. ஆங்கிலத்திலும் 'பை' வழியையும் குறிக்கும், ஊர்தியையும் குறிக்கும்: 'பை த லேன்' என்றால் ஒழுங்கை வழியாக, 'பை ஃபெரி' என்றால் பாதையில்.

ஊர்தியைக் குறிக்கும்போது ஒரு விதியை மறத்தலாகாது. 'பை பஸ்', 'பை டிரெயின்', 'பை போட்' எனப் பெயர் மொட்டையாக நிற்கவேண்டும். இடையே 'த', 'எ', 'மை' எதுவும் நுழையலாகாது. எப்படிப் பயணம் என்பதே இங்கே பேச்சு; எந்த வண்டி என்பதன்று. குறித்த ஒரு வண்டியைச் சுட்டினால் 'ஒன்', 'இன்' ஆகியவற்றுள் ஏற்றதொன்று வந்துவிடும். கொழும்பிலிருந்து வருபவர் மட்டக்களப்பு வரை 'பை டிரெயின்', அங்கிருந்து களுவாஞ்சிக்குடிக்குப் 'பை பஸ்', குருமண்வெளியிலிருந்து அக்கரைக்குப் 'பை ஃபெரி' என வரலாம். இறங்கியபின் வீட்டுக்கு எப்படிப் போவார்? நம் மாணவர் தயங்காது 'பை வோக்' என்று எழுதுகிறார்கள். ஆங்கிலேயர் அப்படிச் சொல்வதில்லை. 'ஒன் ஃபுட்' என்பதே வழக்கு. கால் வண்டியன்று என்பதுபோலும் அவர்கள் கருத்து! தமிழில் 'பஸ்ஸில்', 'பாதையில்' என ஏழாம் வேற்றுமைச் சாயலில் சொல்லிப் பழகியவர் 'ஐ கேம் இன் பஸ்' என்று எழுதுவதும் இதுபோன்ற பிழையே.

அடுத்தது வினைமுதற் பொருள். மாணவர் நன்கு அறிந்தது இதுவே. மட்டக்களப்பு நகருக்கும் கல்லடிக்கும் இடையே வாவிக்குக் குறுக்கே நிற்கும் பழைய இரும்புப் பாலம் 1924ஆம் ஆண்டில் அமைந்தது. 1918 முதல் 1925 வரை இலங்கையின் தேசாதிபதியாயிருந்த மானிங் என்பாரின் மனைவியார் பெயரால் அது விளங்கியது. 'பாலம் தேசாதிபதியால் கட்டப்பட்டது' என்று ஒருவர் ஆங்கிலத்தில் எழுதினால், தேசாதிபதி ஆணி அறைந்தார் என்று யாரும் கொள்ளார். நம் இலக்கணிகள் இதனை முன்னரே பகுத்து வைத்தனர்: தச்சனால் கட்டப்பட்டது என்பதில் தச்சன் இயற்றுதற் கருத்தா, அரசனால் கட்டப்பட்டது என்பதில் அரசன் ஏவுதற் கருத்தா. ஆங்கில இலக்கண நூல்கள் பெரும்பாலும் இந்தப் பாகுபாட்டில் தலையிடுவதில்லை. இருவருக்கும் ஒரே 'பை'யைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகின்றன. இந்த இடத்தில் நம்மவர் நோக்கே கூரியது என்பது எம் துணிபு. பழைய பாலத்தின் பக்கத்திலேயே 2013ஆம் ஆண்டில் புதிய பாலம் திறக்கப்பட்டது. புதிய பாலம் பழையதன் பக்கத்தில் நிற்கிறது, அதிகாரிகளால் திறக்கப்பட்டது, அதன் வழியாக மக்கள் போகிறார்கள். மூன்றையும் 'பை' ஒன்றே தாங்கும்.

கருத்தாவையும் கருவியையும் நாம் ஓர் உருபால் உரைப்போம்: 'திருடனால் வெட்டுண்டான்', 'கத்தியால் வெட்டுண்டான்'. ஆங்கிலம் பெரும்பாலும் இரண்டையும் பிரிக்கும். ஆளுக்குப் 'பை', கருவிக்கு 'வித்'. இது வெறும் அலங்காரம் அன்று. 'அவன் கல்லால் அடிபட்டான்' என்று தமிழில் சாட்சி சொல்கிறார் ஒருவர். அதனை 'பை எ ஸ்டோன்' என்று மொழிபெயர்த்தால், கூரையிலிருந்தோ மலையிலிருந்தோ கல் தானாக விழுந்தது என்று பொருள்படும். 'வித் எ ஸ்டோன்' என்றால் எறிந்த கை ஒன்று உண்டு என்று பொருள். முன்னது விபத்து, பின்னது குற்றம். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக விரும்பும் மாணவர் இவ்விரு சொற்களையும் ஒருபோதும் மாற்றிப் போடலாகாது. ஒருவர் சிறைசெல்வதும் செல்லாததும் இரண்டு எழுத்தைப் பொறுத்திருக்கக்கூடும்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். ஆங்கிலப் 'பை'யை அளவுக்கு மீறிப் படித்ததனால் தமிழிலும் ஒரு நோய் பரவியிருக்கிறது. 'இந்நூல் இவரால் எழுதப்பட்டது', 'கூட்டம் தலைவரால் ஆரம்பித்து வைக்கப்பட்டது' என்று பக்கம் பக்கமாக எழுதுகிறோம். 'இந்நூல் இவர் எழுதியது', 'தலைவர் கூட்டத்தைத் தொடங்கிவைத்தார்' என்றால் என்ன குறைந்துவிடும்? செயப்பாட்டுவினை தமிழுக்குப் புறம்பானதன்று. ஆயினும் தேவையற்ற இடத்தில் அது விருந்தாளி வீட்டுக்காரனைத் துரத்திய கதையாகிறது.

இனி 'ஆல்' என்பதைக் கண்டவுடன் 'பை' என்று எழுதுவோர் வழுக்கி விழும் இடங்கள். 'பயத்தால் நடுங்கினான்' என்பதற்கு 'வித்' வேண்டும். 'பசியால் இறந்தான்' என்பதற்கு 'ஒவ்'. 'காய்ச்சலால் வருந்தினான்' என்பதற்கு 'ஃபுரொம்'. 'பொன்னால் ஆன காப்பு' என்பதற்கு மீண்டும் 'ஒவ்'. 'வெள்ளத்தால் வயல் அழிந்தது' என்பதற்கு மட்டும் 'பை' பொருந்தும். ஏனெனில் அங்கே வெள்ளம் ஓர் ஆள்போல நின்று அழிக்கிறது. 'என்னால் முடியாது' என்பதோ எந்த முன்னிடைச்சொல்லையும் ஏலாது; 'ஐ கனொட்' என்றால் முடிந்தது. அதனைப் 'பை மீ' என்று தொடங்கும் மாணவர் ஆண்டுதோறும் தோன்றுகின்றனர்.

காலத்தைப் பற்றிப் பேசும்போதுதான் இச்சொல் உண்மையில் ஆபத்தாகிறது. ஆதலால் இங்கே சற்று நின்று நிதானிப்போம்.

'பை ஃபைவ்' என்றால் ஐந்து மணிக்குள். 'அன்டில் ஃபைவ்', அல்லது 'டில் ஃபைவ்' என்றால் ஐந்து மணி வரை. முன்னது, ஒரு செயல் முடியவேண்டிய எல்லையைக் காட்டும். பின்னது, ஒரு நிலை நீடிக்கும் எல்லையைக் காட்டும். வைத்தியர் காலை பத்து மணி பற்றி ஓர் அறிவித்தல் போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 'டில் டென்' என்றிருந்தால் பத்து மணிக்குப் பின் அவர் இரார். 'பை டென்' என்றிருந்தால் பத்து மணியளவில்தான் உறுதியாக வந்திருப்பார். படுவான்கரையிலிருந்து விடியற்காலையில் நோயாளித் தாயை அழைத்துக்கொண்டு வருகிறான் ஒரு மகன். முதலாவதை இரண்டாவதாகக் கொண்டால், பதினொரு மணிக்கு ஆறுதலாக வந்து வெறும் நாற்காலியைக் காண்பான். இரண்டாவதை முதலாவதாகக் கொண்டால், ஏழு மணிக்கே வந்து தாயை வாங்கில் இருத்தி மூன்று மணித்தியாலம் காத்திருப்பான். ஆங்கிலம் அறிந்த பிள்ளை வீட்டில் இருந்தும் இந்த இடர் நேர்ந்தால் அக்கல்வியால் வீட்டுக்கு என்ன பயன்?

தமிழில் 'வரை', 'உள்' எனத் தெளிவான இரு சொற்கள் இருக்கவே, இக்குழப்பம் ஏன் எழுகிறது? 'வெள்ளிக்கிழமை மட்டும்' என்று பேச்சில் சொல்லும்போது வெள்ளிக்கிழமை ஒன்றே என்றும் ஆகும், வெள்ளிக்கிழமை வரை என்றும் ஆகும். ஆக, நம் பேச்சும் முழுத் தெளிவு உடையதன்று. 'உள்' என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. 'ஐந்து மணிக்குள்' என்றால் நேரத்தின் ஒரு புள்ளி. 'ஐந்து மணித்தியாலத்துக்குள்' என்றால் நேரத்தின் ஒரு நீளம். இரண்டுக்கும் தமிழ் 'உள்' என்கிறது. ஆங்கிலம் புள்ளிக்குப் 'பை' என்றும் நீளத்துக்கு 'விதின்' என்றும் வேறுபடுத்தும். 'பை ஃபைவ் அவர்ஸ்' என்று எழுதி ஐந்து மணித்தியாலக் கெடுவை உணர்த்த முடியாது.

விண்ணப்ப முடிவுத் திகதி வேறு. '31ஆம் திகதிக்குள்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் 'பை' வருமாயின், வழக்கமாக அந்த 31ஆம் நாளும் உள்ளடங்கும். ஐயத்துக்கு இடமிராதிருக்க அலுவலகத்தார் 'ஒன் ஓர் பிஃபோர்' என்று விரித்து எழுதுவர். தமிழில் 'அன்றோ அதற்கு முன்னரோ' என்பது அதன் நேர். ஆனால் 'பை' என்பதை '31ஆம் திகதிக்கு முன்னர்' என்று மொழிபெயர்த்துவிட்டால் கடைசி நாள் 30 ஆகிவிடும். ஒரே அறிவித்தலை மும்மொழியிற் படிக்கும் நாட்டில், தமிழிற் படித்தவனுக்கு ஒரு நாள் குறைந்து போவது சிறு காரியமா? பணத்தை அன்று காலையில்தான் புரட்டிக்கொள்ளக்கூடிய குடும்பங்களுக்கு அந்த ஒரு நாளே முழு ஆண்டு. மாணவர்க்கு யாம் கூறுவது: ஐயமிருந்தால் முந்திய நாளில் கொடுங்கள், மொழிபெயர்க்கும் வேலை உங்கள் கைக்கு வந்தால் 'அன்றோ அதற்கு முன்னரோ' என்று எழுதுங்கள்.

காலப் பொருளில் இன்னொரு நயமும் உண்டு. 'பஸ் வருவதற்குள் பாதை புறப்பட்டுவிட்டது' என்கிறோம். ஆங்கிலத்தில் 'பை த டைம்' என்று தொடங்கி, புறப்பட்ட வினைக்கு முன்னே 'ஹாட்' சேர்க்கவேண்டும். தமிழில் 'விட்டது' என்னும் துணைவினை செய்யும் வேலையை அங்கே 'ஹாட்' செய்கிறது. கரையில் நின்று, விலகிப் போகும் பாதையைப் பார்த்தவர்களுக்கு இந்த இறந்தகாலம் நன்கு விளங்கும்.

இரவு, பகல், ஒளி ஆகியவற்றோடும் 'பை' சேரும். 'பை நைட்' இரவில். 'பை மூன்லைட்' நிலவொளியில். 'பை லாம்ப்லைட்' விளக்கொளியில். கல்லடிப் பாலத்தடியில் நிலவுக்காலத்து இரவுகளில் வாவியின் அடியிலிருந்து இசை எழுகிறது என்பது இந்த நாட்டுப் பழம்பெருமை. மீன் பாடும் அந்த இரவை ஆங்கிலத்தில் எழுத முனைபவர் பாலத்துக்கு ஒரு 'பை'யும், இரவுக்கு ஒரு 'பை'யும், நிலவுக்கு ஒரு 'பை'யும் தேடவேண்டிவரும். மூன்றையும் ஒரே வாக்கியத்தில் அடுக்காமல் இருப்பது நல்லது.

அளவைப் பொருளுக்கு வருவோம். விலை 20 ரூபாவினால் உயர்ந்தது. விலை 20 ரூபாவாக உயர்ந்தது. முன்னது 'பை', பின்னது 'டு'. 100 ரூபா விற்ற பொருள் முன்னைய வாக்கியத்தில் 120 ஆகும். பின்னையதில் அது முன்னர் 20இலும் குறைவாக இருந்திருக்கவேண்டும். நம் செய்தித்தாள்கள் 'ரூபாவினால்' என்று எழுதும்போது தமிழ் உருபு ஆங்கிலச் சொல்லுக்கு நேராகவே நிற்கிறது. இங்கே மாணவர் அஞ்சவேண்டியதில்லை. கணிதத்திலும் அவ்வாறே: 12ஐ 3ஆல் வகுக்க, 12ஐ 3ஆல் பெருக்க, இரண்டுக்கும் 'பை'. ஆனால் 'இன்டு' என்னும் சொல்லோடு கவனம் தேவை. நம் வகுப்புகளில் '5 இன்டு 10' என்றால் 50 என்போம். இங்கிலாந்திற் படித்தவர் அதனை 10ஐ 5ஆல் வகுப்பதாகக் கொண்டு 2 என்பார். வெளிநாட்டில் கல்வி தொடரும் பிள்ளைகள் இதனை நினைவில் வைத்துக்கொள்ளல் நலம்.

விற்பனை அளவும் ஊதிய அளவும் இதனோடு சேரும். இறால் கிலோக் கணக்கில் விற்கப்படும், முட்டை டசின் கணக்கில், கூலி நாட்கணக்கில். இங்கெல்லாம் 'பை த' என்று இடையே 'த' வரும். ஊர்திப் பெயரில் வரலாகாத 'த' இங்கே வந்தே தீரவேண்டும். காரணம் கேட்டால் வழக்கு என்பதே விடை.

காணியின் நீள அகலம் சொல்வதும் 'பை'யால்தான். 60 அடிக்கு 40 அடி என்பதை ஆங்கிலத்தில் '60 பை 40' என்பர். பரப்பு 2400 சதுர அடி. ஒரு பேர்ச் 272.25 சதுர அடியாதலால் ஏறத்தாழ 8.8 பேர்ச். ஆங்கிலத்தில் எழுதிய பழைய காணி உறுதி ஒன்றை வீட்டுப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்ப்பவர் அங்கே இன்னும் பல 'பை'களைக் காண்பார். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் வந்தது முதல், காணி கைமாறுவதற்கு எழுத்தும் நொத்தாரிசு முன்னிலையிற் கையெழுத்தும் வேண்டியனவாயின. அந்த எழுத்தின் உயிர்ப்பகுதி எல்லை விவரம். வடக்கே இன்னாருடைய வளவு, கிழக்கே தெரு, தெற்கே ஒழுங்கை, மேற்கே வாவி என்று தமிழில் சுருக்கமாக எழுதுவர். ஆங்கில உறுதி ஒவ்வொரு திசைக்கும் ஒரு 'பை' வைத்து, இந்தக் காணி வடக்கே இதனால், கிழக்கே இதனால் எல்லைப்படுத்தப்பட்டது என்று நீட்டிச் சொல்லும்.

இங்கே கவனிக்கவேண்டியவை இரண்டு. எல்லை விவரத்தில் 'பை'க்குப் பின் வரும் பொருள் காணிக்கு வெளியே உள்ளது. கிழக்கே தெருவால் எல்லைப்பட்டது என்றால் தெரு நம்முடையது அன்று. அடுத்தது இதனினும் நுட்பமானது. காணி 'பை த லகூன்' கிடக்கிறது என்றால், வாவிக்கு அருகே கிடக்கிறது என்பதே பொருள். காணிக்கும் நீருக்கும் இடையே ஒரு நடைபாதையோ தென்னைகள் நாலைந்து நிற்கும் துண்டு நிலமோ இருக்க இடமுண்டு. 'பவுண்டெட் பை த லகூன்' என்றால் இடையில் எதுவும் இல்லை. காணி முடியும் இடத்தில் வாவி தொடங்குகிறது. அருகு என்னும் பழைய பொருளும் கருத்தா என்னும் புதிய பொருளும் ஒரே சொல்லில் இருந்துகொண்டு இப்படி இரு வேறு எல்லைகளைக் காட்டுகின்றன. சட்டத்தின்படி அந்தத் துண்டு யாருக்குரியது என்பதைச் சட்டத்தரணியிடம் கேட்கவேண்டும். ஆனால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது என்பதையே 'பை' என்றால் 'ஆல்' என்று மட்டும் படித்தவர் அறியமாட்டார். இப்பொழுது பாட்டனாரின் வளவைப் பற்றிப் பேரப்பிள்ளைகள் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து கடிதம் எழுதும் காலம். ஊரில் இருப்பவர் தமிழ்ப் பேச்சை வைத்துக்கொண்டும், அங்கே இருப்பவர் ஆங்கில உறுதியை வைத்துக்கொண்டும் வழக்காடிச் சகோதரர் முகம் முறியும் முன்னர், இரு பகுதியாரும் இந்த இரண்டு எழுத்தை ஒருமுறை சேர்ந்திருந்து வாசிப்பது நல்லது.

எஞ்சிய வழக்குகளை விரைந்து சொல்லிவிடலாம். 'பை ஹார்ட்' மனப்பாடமாக. நாம் மனத்தில் வைப்பதை அவர்கள் இதயத்தில் வைக்கிறார்கள். 'பை நேம்' பெயரளவில் அறிதல். 'ஒன் பை ஒன்' ஒவ்வொருவராக. 'பை மிஸ்டேக்' தவறுதலாக. கையைப் பிடித்து அழைத்துச் சென்றான் என்பதிலும் கைக்கு முன்னே 'பை' வரும். 'பை அண்ட் லார்ஜ்' என்றால் பொதுவாக நோக்குமிடத்து என்பது பொருள். இது பாய்மரக் கப்பலோட்டிகள் வாய்மொழி. காற்றுக்கு மிக நெருங்கி எதிர்த்தோடுவது 'பை', காற்றைப் பின்னே வாங்கி ஓடுவது 'லார்ஜ்'. இருவகையிலும் நன்றாக ஓடும் கப்பல் என்று தொடங்கிய சொல், இன்று கடலையே காணாத எழுதுவினைஞர் கடிதத்திலும் வந்து அமர்ந்திருக்கிறது.

'ஸ்டாண்ட் பை' என்னும் தொடரைத் தனியே குறிப்பிடவேண்டும். துன்பத்தில் ஒருவர் பக்கத்தில் துணையாக நிற்பதையும் அது குறிக்கும். அடி விழும்போது பேசாமல் பார்த்துக்கொண்டு நிற்பதையும் அது குறிக்கும். இரண்டுக்கும் நிற்கும் இடம் ஒன்றே என்பதனாற்போலும்! முன்னைய பொருளில் யாருக்குத் துணை என்று சொல்லும் பெயர் பின்னே வரும், பின்னையதில் வராது. வாசிக்கும்போது அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்துப் பொருள்கொள்க.

மாணவர் பயிற்சிக்காகச் சில வாக்கியங்கள். தங்கை குளிரால் நடுங்கினாள். கடிதம் திங்கட்கிழமைக்குள் வந்து சேரும். அரிசி விலை கிலோவுக்கு 15 ரூபாவினால் கூடியது. என்னால் இந்த மூட்டையைத் தூக்க முடியும். நாம் பட்டிருப்புப் பாலத்தால் வெள்ளாவெளிக்குப் போனோம். விடியும் வரை மழை பெய்தது. இவற்றை ஆங்கிலத்தில் எழுதிப் பார்க்கவும். 'பை' வரக்கூடாத வாக்கியங்கள் மூன்று இவற்றுள் உள்ளன. எவை என்பதை வீட்டிலுள்ள பெரியோரையும் கூட்டிவைத்துக் கண்டுபிடியுங்கள். 'பாலத்தால்' என்று சொல்லலாமா என அவர்கள் தொடங்கும் வாதம் உணவு வேளை வரை நீடிக்கும். அடுத்த வாரம் 'வித்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம்.